எந்தப் புத்தகத்தைத் திறப்பது, மாப்பிள்ளை?

ஜூலை 6

மாப்பிள்ளைக்கு,

என் கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். போன தடவை நாம் பேசிக்கொண்ட லட்சணத்துக்கு நீங்கள் அப்படிச் செய்தாலும் குறை சொல்ல மாட்டேன். ஆனால் இதைக் கடைசிவரை படியுங்கள். நான் எழுதுவது தங்கச்சிக்குத் தெரியாது. தெரிந்தால் என்னோடு பேச்சை நிறுத்திவிடுவாள். இந்த வீட்டில் பேசுவதற்கு இருப்பதே நாங்கள் இரண்டு பேர்தான்.

பாலம் போன செய்தியைக் கேட்டிருப்பீர்கள். அதே மண்சரிவில் தொலைபேசிக் கோபுரமும் போய்விட்டது. மலையின் இந்தப் பக்கம் அறுபது குடும்பம் மாட்டிக்கொண்டிருக்கிறோம். பள்ளத்தாக்கின் குறுக்கே கயிறு கட்டி ஒரு கூடையை இழுக்கிறார்கள். கொஞ்சம் மாவு, தபால் பை, என் மருந்துக் கடைக்கு மாத்திரை, அவ்வளவுதான் அதில் வரும். ஆள் ஏறினால் தாங்காது. ஹெலிகாப்டர் ஒரே ஒரு தடவை வந்து அடிபட்டவர்களை அள்ளிக்கொண்டு போனது. அன்றைக்குத் தங்கச்சி நன்றாக இருந்தாள். அதற்குப் பிறகு மேகம் தலைமேல் உட்கார்ந்துவிட்டது, எழுந்திருக்கிற வழியாக இல்லை.

இப்போது அவள் நன்றாக இல்லை. எட்டாவது மாதம். கால் வீக்கம் கைக்கு வந்து, முகத்துக்கும் வந்துவிட்டது. இரத்த அழுத்தம் நூற்றைம்பதைத் தாண்டுகிறது. நான் மாத்திரை கொடுக்கிறேன். எங்கள் ஊர் நர்ஸ் என்னைத் தனியாக அழைத்து, "மாத்திரையால இதத் தள்ளிப்போட முடியும், நிறுத்த முடியாது. ஆபரேஷன் பண்ற ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிடுங்க" என்றார். எதில் கொண்டுபோவது?

ஆற்றில் கீழே ஒரு துறை இருக்கிறது, பள்ளத்தாக்கு விரியும் இடத்தில். அங்கே தண்ணீர் தொடைக்கு மேல், ஆனால் வேகம் பயங்கரம். கட்டிலைத் தோளில் வைத்துக் கடக்கப் பார்த்தவர்களில் ஒருவரை ஆறு கொண்டுபோய்விட்டது. கடக்கக்கூடிய ஒரே வண்டி, உங்கள் ராணுவம் முகாமைக் காலி செய்தபோது சாலைத் துறைக் கொட்டகையில் விட்டுப்போன பழைய லாரி. அதை ஓட்டியவர் சரிவில் கால் ஒடிந்து அந்த ஹெலிகாப்டரில் போய்விட்டார். வண்டி அசையவில்லை. சாவியே கிடையாது, ஏதோ சுவிட்சைத் திருப்ப வேண்டுமாம். திருப்பினேன். ஒரு முனகல்கூட இல்லை.

வண்டியோடு ஒரு தகரப் பெட்டி நிறையப் புத்தகம் இருக்கிறது. நாற்பது இருக்கும். எல்லாம் ஒரே நிறம், ஒரே மாதிரி அட்டை, பெயருக்குப் பதில் முழ நீளத்துக்கு எண்கள். ஒன்றைத் திறந்தால் வேறொன்றைப் பார் என்கிறது. அதைத் திறந்தால் முதல் புத்தகத்தைப் பார் என்கிறது. டாக்டர்களின் கிறுக்கலையெல்லாம் வாசித்துப் பிழைக்கிறவன் நான். எனக்கே கண்ணைக் கட்டுகிறது. ராணுவக் கிடங்கில் இந்தப் புத்தகங்களோடே வாழ்கிறவர் நீங்கள். எதைத் திறப்பது? சொல்லுங்கள்.

மச்சான்


ஜூலை 9

மச்சானுக்கு,

கடிதம் கிடைத்தது. கிழிக்கவில்லை.

அழுத்தம் நூற்றைம்பதைத் தாண்டுகிறது என்றால் நூற்றைம்பதுக்கு எவ்வளவு? கீழ் எண்ணை எழுதவில்லை. அடுத்த கடிதத்தில் இரண்டையும் எழுதுங்கள். தலைவலி இருக்கிறதா? கண் முன் பூச்சி பறக்கிறதா? அவளிடம் கேட்டு எழுதுங்கள்.

இனி வண்டி. முதலில் எந்தப் புத்தகத்தையும் திறக்காதீர்கள். பயணி உட்காரும் பக்கம், கண்ணாடிக்குக் கீழே உலோகத் தகடு ஒன்று திருகப்பட்டிருக்கும். அதில் வண்டியின் மாதிரியும் வரிசை எண்ணும் இருக்கும். எழுதிக்கொள்ளுங்கள். ஒரே உடம்பில் நாலைந்து விதமான வண்டிகள் செய்திருக்கிறார்கள். வெளியிலிருந்து பார்த்தால் உடன்பிறந்தவை மாதிரி இருக்கும், உள்ளே ஒன்றுக்கொன்று சம்பந்தம் இருக்காது.

பிறகு அட்டையில் உள்ள எண்ணின் கடைசித் துண்டை மட்டும் பாருங்கள். பத்து என்று முடிந்தால் அது ஓட்டுபவருக்கு. இருபது என்றால் சிறு பட்டறைக்கு. முப்பத்துநாலு என்றால் இன்ஜினையே பிரிக்கிற பெரிய பட்டறைக்கு, அதை நீங்கள் தொடவே வேண்டாம். இருபதுக்குப் பின்னால் ஓர் எழுத்து ஒட்டியிருந்தால் அது உதிரி பாகங்களின் பட்டியல். அதில் எல்லாவற்றுக்கும் பெயர் இருக்கும், எதற்கும் வழி இருக்காது. உங்களுக்கு வேண்டியது பத்தும் இருபதும்தான்.

புத்தகத்தைத் திறந்ததும் முதல் பக்கத்தில் எந்தெந்த மாதிரிக்கு என்று போட்டிருக்கும். தகட்டில் உள்ளது அங்கே இல்லையென்றால் மூடி வையுங்கள். இருந்தால், 'கோளாறு அறிதல்' என்ற பகுதிக்குப் போங்கள். மூன்று கட்டம் இருக்கும். என்ன தெரிகிறது, ஏன் இருக்கலாம், என்ன செய்வது. மேலிருந்து கீழே வரிசையாகச் செய்யுங்கள். நடுவில் குதிக்காதீர்கள்.

கட்டம் கட்டி 'எச்சரிக்கை' என்று இருந்தால் மீறினால் ஆள் சாவான். 'கவனம்' என்றால் வண்டி கெடும். 'குறிப்பு' என்றால் மெதுவாகப் படிக்கலாம்.

விடுப்புக் கேட்டிருக்கிறேன். தரவில்லை. மீண்டும் கேட்கிறேன்.

மாப்பிள்ளை


ஜூலை 12

மாப்பிள்ளைக்கு,

நூற்றைம்பத்தாறுக்கு நூறு. தலைவலி இல்லை என்கிறாள். அவள் இல்லை என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்கும் தெரியும்.

உங்கள் கடிதம் வருவதற்கு முன்பே என்னால் சும்மா உட்கார முடியவில்லை. ஓர் அட்டையில் இதே வண்டியின் படம் இருந்தது. அச்சு அசல். அதை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டேன். இரண்டு பேட்டரியும் செத்திருந்தன. மாவு ஆலையிலிருந்து இரண்டை வாங்கி வந்து, புத்தகத்தில் இருந்தபடி ஒன்றோடு ஒன்று இணைத்தேன். சுவிட்சைத் திருப்பினேன். இன்ஜின் உருண்டது மாப்பிள்ளை! கொட்டகையில் நின்ற எல்லாரும் கை தட்டினார்கள். ஆனால் பற்றவில்லை.

புத்தகம் டிஸ்ட்ரிபியூட்டரைத் திற என்றது. தேடினேன். காலையிலிருந்து பொழுது சாயும்வரை, தலைகீழாகத் தொங்கிக்கொண்டு அதைத் தேடினேன். அதற்குக் கொஞ்சம் ஜாடை ஒத்த ஒரு சாமான் இருந்தது, அதிலிருந்து ஆறு குழாய் போனது. ஆறையும் கழற்றினேன். டீசல் கையெல்லாம் வழிந்தது. திரும்ப மாட்டி, மறுபடி உருட்டி உருட்டிப் பேட்டரியும் தீர்ந்தது.

மறுநாள் உங்கள் கடிதம் வந்தது. தகட்டைப் பார்த்தேன். நான் வைத்திருந்தது பெட்ரோல் வண்டிக்கான புத்தகம். இந்த வண்டி டீசல். தீப்பொறியைப் பங்கிட்டு அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரே இதில் கிடையாது. இல்லாத ஒன்றை ஒரு முழுப் பகல் தேடியிருக்கிறேன்.

சிரிப்பாக இருந்தால் சிரித்துக்கொள்ளுங்கள். எனக்கு வரவில்லை. இப்போது என்ன செய்வது?

மச்சான்


ஜூலை 14

மச்சானுக்கு,

சிரிப்பு வரவில்லை. நீங்கள் கழற்றியது டீசல் பம்பின் குழாய்களை. ஒரு தூசி போயிருந்தால் வண்டி அதோடு முடிந்தது. படத்தைப் பார்த்துப் புத்தகம் எடுக்கலாமா? உங்கள் கடைக்கு ஒருவர் வந்து மாத்திரையின் நிறத்தைச் சொல்லிக் கேட்டால் கொடுப்பீர்களா?

பேட்டரிகளைச் சார்ஜ் செய்யுங்கள். சரியான புத்தகத்தில், இருபதில், 'எரிபொருளில் காற்றெடுத்தல்' என்ற பகுதி இருக்கும். வடிகட்டியின் தலையில் உள்ள திருகைத் தளர்த்தி, குமிழி நிற்கும்வரை டீசல் வழிய விட வேண்டும். பிறகு இன்ஜின் பக்கம் ஒவ்வொரு குழாயாக.

கொத்தாகப் பின் அடித்த மெல்லிய தாள்கள் பெட்டியில் தனியாகக் கிடக்கும். அவை திருத்தங்கள். பழைய பக்கத்தை எடுத்துவிட்டு அவற்றைச் சேர்க்க வேண்டும். யாரும் சேர்த்திருக்க மாட்டார்கள். ஓரத்தில் கறுப்புக் கோடு இருக்கும் வரிகள்தான் மாறியவை. அவற்றைப் பார்க்காமல் ஒரு திருகையும் தொடாதீர்கள்.

கீழ் எண் நூறு என்பது நல்லதல்ல. ஏன் முதலிலேயே ஆஸ்பத்திரி பக்கத்தில் தங்க வைக்கவில்லை? ஐந்தாம் மாதமே வீக்கம் இருந்ததா? யாரும் பார்க்கவில்லையா?

மாப்பிள்ளை


ஜூலை 17

யோவ் மாப்பிள்ளை,

மரியாதையெல்லாம் அப்புறம். ஏன் ஏன் ஏன் என்று கேட்டிருக்கிறீரே, இதே கேள்வியைத்தான் அன்றைக்கும் கேட்டீர். முதல் பிள்ளை பிறந்து, அழாமலே போய்ச் சேர்ந்தது. மூன்று நாள் கழித்து முகாமிலிருந்து வந்தீர். என் தங்கச்சி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. "வலி எத்தனை மணிக்கு ஆரம்பிச்சுது? ஏன் உடனே போகல? ஃபைல் எங்க?" பழுதான வண்டியைப் பார்க்க வந்தவர் மாதிரி. அவள் அன்றைக்கு உம்மை விட்டு மனத்தால் கிளம்பிவிட்டாள், பெட்டியைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்ததுதான் பிறகு, இந்தப் பிள்ளை வயிற்றில் தரித்த கையோடு.

இதை எழுத வேண்டும் என்று உட்கார்ந்திருந்தபோதே அவள் அறைக்குள் வந்துவிட்டாள். உங்கள் கடிதம் இரண்டும் மேசைமேல் கிடந்தன. நின்றபடியே படித்தாள். வீடு இடியும் என்று பார்த்தேன். "அந்தப் புத்தகத்தைக் குடு" என்றாள், அவ்வளவுதான்.

மாப்பிள்ளை, அவள் துணி வெட்டுவதற்குத் தாளில் வரைந்து கொடுக்கிறவள் என்பதையே நான் மறந்துபோயிருந்தேன். சட்டையைக் கழுத்து தனி, கை தனி, பட்டி தனி என்று பிரித்துப் போடுகிறவள். உங்கள் புத்தகத்தில் ஒரு சாமானைப் பிரித்துப் பிரித்துக் காற்றில் மிதக்கிற மாதிரி வரைந்திருப்பார்களே, எனக்கு அது இறைந்து கிடக்கும் குப்பை. அவள் பார்த்ததும், "இது மேல, இது உள்ள, இந்த வளையம் ரெண்டுக்கும் நடுவுல. இதுல என்ன கஷ்டம் உனக்கு?" என்றாள். திருத்தத் தாள்களையெல்லாம் படுத்தபடியே சேர்த்துவிட்டாள். காற்றெடுக்கிற பக்கத்தில் ஒரு கறுப்புக் கோடு இருந்தது. திருகின் வரிசை மாறியிருக்கிறதாம். அதைப் படிக்காமல் செய்திருந்தால் நான் இன்னொரு பகலைத் தொலைத்திருப்பேன்.

இன்று முற்பகல் இன்ஜின் பற்றியது. கொட்டகை முழுக்கப் புகை. நான் உட்கார்ந்து அழுதேன். யாரிடமும் சொல்லாதீர்கள்.

ஆனால் பிரேக் இல்லை. மிதித்தால் தரைவரை போகிறது. பின் சக்கரம் ஒன்றில் எண்ணெய் ஒழுகுகிறது. அவள் பட்டியலைப் பார்த்து, சக்கர சிலிண்டரின் ரப்பர் என்கிறாள், பாக எண்ணைக் கீழே எழுதியிருக்கிறாள். அது அவள் கையெழுத்து, தெரிந்திருக்கும். இங்கே அது கிடைக்காது. துறைக்கு இறங்கும் பாதை செங்குத்து. பிரேக் இல்லாமல் இறங்கினால் ஆற்றுக்கு நேராகப் போய்ச் சேரலாம், நிறுத்தமே இல்லை.

நூற்றறுபத்திரண்டுக்கு நூற்றாறு. தலைவலி இருக்கிறது. ஒத்துக்கொண்டாள்.

மச்சான்


ஜூலை 19

மச்சானுக்கு,

அவள் கையெழுத்தைக் கண்டுகொண்டேன். பாக எண் சரி.

கிடங்கில் இந்த ரப்பர் இருந்தது. எடுத்துவிட்டேன். விடுப்பு இன்றும் கிடைக்கவில்லை. கிளம்பிவிட்டேன். வேலை போனால் போகட்டும். இந்தக் கடிதம் தபால் கழுதைகளோடு எனக்கு முன்னால் வரும். சாலை பல இடத்தில் இல்லை என்கிறார்கள், நான் நடந்து வருகிறேன்.

நீங்கள் எழுதியதற்குப் பதில். நான் கேட்ட கேள்விகள் தப்பு என்று எனக்கு இன்றும் தோன்றவில்லை. கோபப்படாமல் கேளுங்கள். அன்றைக்கு எல்லாரும் 'கடவுள் கொடுத்து வைக்கவில்லை' என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். எனக்கு அது போதவில்லை. ஆஸ்பத்திரியில் அந்த ஃபைலுக்காக எத்தனையோ தடவை போய் நின்றேன். கடைசியில் ஒரு டாக்டரம்மா எடுத்துக் காட்டினார். வீக்கம், அழுத்தம், தலைவலி, எல்லாம் அதில் எழுதியிருந்தது. யாரோ எழுதினார்கள், யாரும் படிக்கவில்லை. "அடுத்த தடவையும் வரலாம், வந்தா காத்திருக்கக் கூடாது" என்று அவர் சொன்னார். அதைச் சொல்லத்தான் வீட்டுக்கு ஓடி வந்தேன். வீடு பூட்டியிருந்தது. அவள் உங்களிடம் வந்துவிட்டாள். பிறகு நான் எழுதிய எதையும் அவள் பிரிக்கவில்லை.

அதனால்தான் கீழ் எண், அதனால்தான் தலைவலி. வேறு எப்படிக் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை.

கண் முன் வெளிச்சம் தெறிக்கிறது என்றோ, மேல் வயிறு வலிக்கிறது என்றோ சொன்னால், புத்தகத்தை மூடிவிட்டு எனக்குச் சொல்லி அனுப்புங்கள். அந்தக் கரையில் இருப்பேன்.

மாப்பிள்ளை


ஜூலை 22, காலை (கூடையில்)

மாப்பிள்ளை,

பார்த்துவிட்டேன். தொப்பியில்லாமல், சேறு பூசிய எலும்புக்கூடு மாதிரி அக்கரையில் நிற்பது நீங்கள்தானே? கையை ஆட்டினேன். ஆற்று இரைச்சலில் கத்தி என்ன பிரயோசனம். ரப்பர் வந்தது. வலிப்புக்கு நீங்கள் அனுப்பிய ஊசி மருந்தும் வந்தது, நர்ஸ் அதைப் பார்த்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

போன கடிதத்தை அவளிடமே கொடுத்துவிட்டேன். படித்துவிட்டுத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

இன்று விடிந்ததும், "அண்ணா, பக்கத்துல எழுத்தெல்லாம் மினுமினுங்குது" என்றாள். புத்தகம் இல்லை, அவள் கண். நர்ஸ் இன்றைக்கே என்கிறார். நான் சிலிண்டரைப் பிரித்துப் போட்டிருக்கிறேன். பிரிப்பதுவரை அவள் படித்துச் சொன்னாள். இப்போது படிக்க முடியவில்லை. மாட்டுவதற்கு வழி சொல்லுங்கள். புத்தகத்தில் இருக்கிறது என்று சொல்லாதீர்கள், நான் பார்க்கும் எழுத்தும் மினுமினுங்குகிறது.

நூற்றெழுபத்தைந்துக்கு நூற்றுப் பதினைந்து.

மச்சான்


ஜூலை 22, சற்று நேரத்தில் (கூடையில்)

மச்சான்,

கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்துவிட்டு உட்காருங்கள். ரப்பரின் குழிந்த பக்கம் இரண்டும் ஒன்றையொன்று பார்க்க வேண்டும், நடுவில் சுருள்வில். பிரேக் எண்ணெயைத் தவிர வேறு எதையும் தடவாதீர்கள், கிரீஸ் கூடவே கூடாது. மாட்டியதும் ஓர் ஆளை மிதிக்கச் சொல்லி, சக்கரத்தில் உள்ள திருகைத் தளர்த்திக் காற்றெடுங்கள். அவர் காலை எடுப்பதற்கு முன் திருகை இறுக்க வேண்டும். மிதி கல் மாதிரி நிற்கும்வரை.

அது ஆனதும் கிளட்ச் அறைக்கு அடியில் ஒரு துளை இருக்கும். அதற்கான அடைப்பான் பக்கத்திலேயே ஒரு பிடியில் திருகி வைத்திருப்பார்கள். துளையில் மாட்டுங்கள். இல்லையென்றால் தண்ணீர் உள்ளே போகும்.

நான் இப்போது துறைக்கு இறங்குகிறேன். ஆம்புலன்ஸ் அங்கே வந்து நிற்கும், டிரைவரிடம் பேசிவிட்டேன், அங்கிருந்து ஆஸ்பத்திரிவரை சாலை அறுபடவில்லை. தண்ணீரில் கம்பு நட்டு, இரண்டரை அடி உயரத்தில் சிவப்புத் துணி கட்டி வைக்கிறேன். இந்த வண்டி அதுவரைதான் தாங்கும். துணி நனைந்திருந்தால் இறங்காதீர்கள்.

எல்லாச் சக்கரமும் இழுக்கிற மாதிரிப் போட்டு, மிகத் தாழ்ந்த கியரில் இறங்குங்கள். நடுவில் கியர் மாற்றக் கூடாது. நிறுத்தக் கூடாது. வேகத்தைக் கூட்டவும் கூடாது. நேரே என்னைப் பார்த்து வாருங்கள், தண்ணீரைப் பார்த்தால் வண்டி பக்கவாட்டில் ஓடுகிற மாதிரி இருக்கும். கரையேறியதும் பிரேக் பிடிக்காது, நனைந்திருக்கும், பயப்படாதீர்கள்.

அவளிடம் நான் இருப்பதாகச் சொல்லுங்கள்.

மாப்பிள்ளை


ஜூலை 25

மச்சானுக்கு,

கயிற்றுக் கூடைக்கு இதைக் கொடுத்தனுப்புகிறேன். ஆம்புலன்ஸ் கதவை நீங்கள் சாத்தியதற்குப் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியாது அல்லவா.

பாதி வழியில் அவளுக்கு வலிப்பு வந்தது. நர்ஸ் ஊசி போட்டார், நான் தலையைப் பிடித்துக்கொண்டேன். அவ்வளவு பலத்தை நான் எந்த மனித உடம்பிலும் பார்த்ததில்லை. நேராக ஆபரேஷனுக்குக் கொண்டுபோனார்கள். பெண் குழந்தை. என் இரண்டு உள்ளங்கை நீளம். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள், மூச்சு அதுவாகவே விடுகிறது. டாக்டர்கள் எதற்கும் உறுதி சொல்லவில்லை, ஆனால் ஒவ்வொரு தடவையும் முகம் கொஞ்சம் தெளிவாகத்தான் இருக்கிறது.

உங்கள் தங்கச்சிக்கு நேற்றுத்தான் நினைவு திரும்பியது. குழந்தையைக் காட்டினார்கள். பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, "அண்ணன் ஊருக்குப் போய்ச் சேந்தாரா?" என்றாள். சேர்ந்துவிட்டார் என்றேன்.

மச்சான், நீங்கள் போய்ச் சேர்ந்தீர்களா?

நடு ஆற்றில் வண்டி ஒரு கணம் நின்ற மாதிரி தெரிந்தது, நிஜமாகவே நின்றதா? நீங்கள் இறங்கி வந்தபோது அதைக் கேட்க நேரமில்லை. நீங்கள் ஊருக்குத் திரும்ப, லாரியில் மாவு மூட்டைகளை ஏற்றுகிறார்கள் என்று மட்டும் பார்த்தேன். காத்திருந்து ஆற்றைப் பார்த்துவிட்டுப் போங்கள் என்று சொல்ல நினைத்தேன், அதற்குள் ஆம்புலன்ஸ் நகர்ந்துவிட்டது. அன்று பிற்பகல் மேலே பெரிய மழை என்கிறார்கள். ஒரு வரி எழுதிப் போடுங்கள். போய்ச் சேர்ந்தேன் என்று எழுதினால் போதும்.

மாப்பிள்ளை


ஜூலை 27

மச்சான்,

சாலைத் துறை ஆள் ஒருவர் வந்தார். துறைக்குக் கீழே, ஆறு வளைகிற இடத்தில், லாரி குப்புறக் கிடக்கிறதாம். உள்ளே யாரும் இல்லை என்றார். யாரும் இல்லை என்றால் என்ன பொருள் என்று கேட்டேன். அவர் தரையைப் பார்த்தார்.

அவள் மறுபடி கேட்டாள். கடிதம் வர நேரமாகும் என்று சொல்லியிருக்கிறேன். என் முகத்தைப் பார்க்காமல் இருக்க வேண்டுமே என்று ஜன்னல் பக்கம் போய் நின்றேன். அவளுக்கு இன்னும் அழுத்தம் இறங்கவில்லை. நான் எவ்வளவு நாள் இப்படிச் சொல்லிக்கொண்டிருப்பது?

யார் பேருக்கு எழுதுகிறேன் என்றே தெரியாமல் எழுதுகிறேன். இதைப் பிரிக்கிறவர் யாராக இருந்தாலும், அவரைப் பற்றி ஒரு வார்த்தை எழுதுங்கள்.

மாப்பிள்ளை


ஜூலை 28

மாப்பிள்ளைக்கு,

யாராக இருந்தாலும் என்ன, நானேதான் பிரித்தேன். இரண்டு கடிதமும் ஒன்றாக வந்தன. தாமதம் என்னுடையது. அடிபட்ட வலது கை இன்றைக்குத்தான் பேனாவைப் பிடிக்கச் சம்மதித்தது.

நான் திரும்பும்போது துணி நனைந்திருந்தது. தெரிந்துதான் இறங்கினேன். மறைக்கவில்லை. உங்கள் புத்தகம் கட்டம் கட்டி எச்சரித்ததையும் படித்திருக்கிறேன். ஆனால் நான் நின்ற நிலையை நினைத்துப் பாருங்கள். நர்ஸ் உங்களோடு வந்துவிட்டார். நானும் அக்கரையிலேயே நின்றுவிட்டால், மேலே அறுபது குடும்பத்துக்கு ஒரு காய்ச்சல் மாத்திரையை எடுத்துக் கொடுக்க ஆள் இல்லை. பள்ளிக்கூடத்து வாத்தியாருக்குச் சர்க்கரை ஊசி முந்தின நாளே தீர்ந்துவிட்டது. காத்திருந்தால் ஆறு வடியும் என்று யாராவது சொன்னால் காத்திருப்பேன். எல்லாரும் ஏறும் என்றார்கள். நனைந்தது ஒரு சாண்தானே என்று கணக்குப் போட்டேன்.

முக்கால்வாசி வந்துவிட்டேன் மாப்பிள்ளை. அப்போது மேலேயிருந்து ஒரு மரம் வேரோடு வந்தது. அடித்த அடியில் வண்டி திரும்பியது, இன்ஜின் தண்ணீர் குடித்து அடங்கியது. கூரைமேல் ஏறினேன். ஆம்புலன்ஸில் கேட்டு வாங்கிய மருந்துப் பெட்டியைத் தங்கச்சி போர்த்தியிருந்த போர்வையால் நெஞ்சோடு கட்டிக்கொண்டேன். வண்டி சாய்ந்தபோது குதித்தேன். நீந்தினேன் என்று சொன்னால் பொய். ஆறு என்னை எடுத்துப் பாறையில் அடித்தது, அந்தப் பாறை நல்லவேளையாக எங்கள் பக்கத்துப் பாறை. மாவுக்காகக் காத்திருந்தவர்கள் வந்து தூக்கினார்கள்.

இடது கால் இரண்டு இடத்தில் ஒடிந்திருக்கிறது. இரண்டு பலகையை வைத்து நானே சொல்லச் சொல்லக் கட்டினார்கள். விலா வலிக்கிறது, சிரிக்க முடியவில்லை. வாத்தியார் உயிரோடு இருக்கிறார். தினமும் வந்து என் தலைமாட்டில் உட்கார்ந்து எதையாவது வாசித்துத் தொலைக்கிறார். மாவு போனது. வண்டி போனது. நடு ஆற்றில் நின்றதா என்று கேட்டீர்களே, நின்றது. தங்கச்சி பின்னாலிருந்து, "காலை எடுக்காத, அப்படியே வச்சிரு" என்று கத்தினாள். வைத்திருந்தேன், நகர்ந்தது.

கடையில் எல்லா அலமாரியும் ஒழுகுகிறது. எனக்கு எழுந்து நிற்க முடியவில்லை. வருகிறவர்களிடம் படுத்தபடியே இரண்டாவது தட்டில் மூன்றாவது டப்பா என்று சொல்கிறேன். சில சமயம் தவறாக எடுக்கிறார்கள். பயமாக இருக்கிறது. இதை அவளிடம் சொல்லாதீர்கள்.

பெண் குழந்தை என்றீர்களே. யார் ஜாடை?

மச்சான்


ஜூலை 30

மச்சானுக்கு,

சொல்லாதீர்கள் என்றீர்கள். முடியவில்லை. தபால்காரர் கையிலிருந்து அவளே வாங்கிவிட்டாள். இரண்டு தடவை படித்தாள். அழுவாள் என்று பார்த்தேன். நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"கால் ஒடிஞ்சு தனியாக் கெடக்கார். யாரு யாருக்கோ படுத்துக்கிட்டே மருந்து சொல்லிட்டிருக்கார். நீங்க இங்க உக்காந்து என்ன பண்றீங்க?"

உன்னையும் பாப்பாவையும் விட்டுவிட்டு எப்படி என்று இழுத்தேன்.

"எங்களுக்கு இங்க டாக்டர் இருக்காங்க. அவருக்கு யாரு இருக்கா? போங்க. அவர் நடக்கிற வரைக்கும் கூட இருந்துட்டு, கூட்டிக்கிட்டு வாங்க. நீங்க வர்றப்போ நாங்க வீட்டுல இருப்போம்."

எந்த வீட்டில் என்று நான் கேட்பதற்குள் கைப்பையிலிருந்து எங்கள் வீட்டுச் சாவியை எடுத்து நர்ஸிடம் கொடுத்து, யாராவது போய் ஜன்னலைத் திறந்து வைக்கச் சொல்லுங்கள் என்றாள்.

குழந்தை பால் குடிக்கிறது. ஜாடை இன்னும் சொல்ல முடியாது, முகம் முழுக்க நெற்றிதான்.

பொறியாளர்கள் நாளை நடைப்பாலம் போடுகிறார்கள். ஒவ்வொருவராகத்தான் போகலாம். முதல் ஆளாகப் போகப் பெயர் கொடுத்திருக்கிறேன். உங்கள் ஊர் நர்ஸும் என்னோடு வருகிறார். இதைத் தபாலில் போடவில்லை, நானே கொண்டு வருகிறேன். நேரில் வந்தால் எனக்குப் பேச வராது, உங்களுக்குத் தெரியும். நீங்கள் இதைப் படித்து முடிக்கும்வரை வாசலில் நிற்பேன். கூப்பிடுங்கள், உள்ளே வருகிறேன்.

மாப்பிள்ளை